எஸ். மருதமுத்து

ஜனவரி பொறந்துட்டா எங்க வீட்டுக்காரருக்கு முகத்துல கல்யாணக் களை வந்துடும். மத்தவங்களுக்குப் பொங்கல். இந்தக் கல்கத்தாக்காரங்களுக்குப் புது வெல்லத்துச் சந்தேஷ் இனிப்பு. இவருக்கு டாக்ஸ். வருஷம் பூரா எதுல எவ்வளவு போட்டீங்க, ஆதாரம் குடுங்கன்னு ஆபீஸ்ல ஒரு சர்க்குலர் வரும். வந்த அன்னைக்கே கட்டில் மேல பழைய பேப்பரை விரிச்சுட்டு, "தமயந்தி, பசை எடு"ன்னு குரல் குடுப்பார்.

பசை எடுக்கறது நான். எல்.ஐ.சி. ரசீது, வாடகை ரசீது, அது இதுன்னு தேதி வாரியாப் பிரிச்சு வெள்ளைத் தாள்ல ஒட்டறது நான். ஓட்டை போட்டுப் பச்சை டேக் கோக்கறதும் நான்தான். ஐயா நாற்காலில உக்காந்து, மங்கி கேப்பைக் காது வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு, "நேரா ஒட்டு, கோணுது பார்"ம்பார். எல்லாம் முடிஞ்சப்புறம் பேனாவைத் திறந்து, அட்டை மேல கொட்டை எழுத்துல எழுதுவார். எஸ். மருதமுத்து. அதோட அவர் வேலை முடிஞ்சது. சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டு ஆபீஸ்லயே மருதமுத்து ஃபைல் மாதிரி சுத்தமான ஃபைல் கிடையாதாம். எவனோ சொன்னானாம். அதை வந்து என்கிட்டயே பெருமையாச் சொல்லுவார், ஒட்டினவ கிட்டயே!

நான் கோவில்பட்டிக்காரி. கல்யாணம் ஆகி இந்தக் காளிகாட் சந்துக்கு வந்து முப்பது வருஷம் ஆகப் போகுது. மீன்காரன்கிட்டயும் மேல் வீட்டுக்காரிகிட்டயும் சண்டை போட்டுப் போட்டே பெங்காலி கத்துக்கிட்டேன். எங்களுக்கு ஒரே பொண்ணு, சத்யப்ரியா. இங்கயே பொறந்து இங்கயே படிச்சவ. தமிழ்ல ஆரம்பிச்சு பெங்காலில முடிப்பா.

அவ எம்.சி.ஏ. படிக்க ரெண்டாயிரத்து மூணுல பேங்குல கடன் வாங்கினோம். வாங்கினோம்னு சொல்றேன், கடன் அவ பேர்ல. இவர் கூட நின்னு கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான். கவுண்டர்ல இருந்த ஆள் ஃபாரத்தைப் பார்த்துட்டு, "டைட்டில் என்ன?"ன்னு கேட்டார். இங்க எல்லாருக்கும் பேருக்குப் பின்னால ஒரு குடும்பப் பேர் உண்டு, முகர்ஜி, தாஸ்னு. அதைத்தான் டைட்டில்னு சொல்லுவாங்க. நமக்கு ஏது அதெல்லாம்? எம். சத்யப்ரியான்னு எழுதியிருந்தோம். எம்முன்னா என்னன்னு கேட்டார். மருதமுத்துன்னோம். அப்ப அதுதான் டைட்டில்னு அவரே முடிவு பண்ணி, சத்யப்ரியா மருதமுத்துன்னு எழுதிக்கிட்டார். ஒரு வாரத்துல பாஸ்புக் வந்துச்சு. அதுல முழுப் பேர் கூட இல்லை. முதல் எழுத்தையும் டைட்டிலையும் மட்டும் போட்டு, எஸ். மருதமுத்துன்னு அடிச்சிருந்தது.

எங்க மாமனார் பேரு சுடலைமுத்து. அதனால எங்க வீட்டுக்காரரும் எஸ். மருதமுத்துதான்.

சத்யா விழுந்து விழுந்து சிரிச்சா. "அப்பா, நீங்க எம்.சி.ஏ. படிக்கப் போறீங்க"ன்னா. நானும் சிரிச்சேன். மாத்தித் தரச் சொல்லி எழுதிக் குடுப்பமான்னு அவ கேட்டதுக்கு இவர் வேண்டாம்னுட்டார். "என் பேர்தானே, பத்திரமா இருக்கும்"னார். அன்னைக்கு அது எனக்குத் தப்பாப் படலை. தபால் வந்தா எந்த எஸ். மருதமுத்துக்குன்னு யாரும் பார்க்கறது இல்லை. எல்லாத்தையும் இவர்தான் பிரிப்பார். இந்த வீட்டுல கரண்ட் பில்லைக் கூட வேற யாரும் பிரிச்சது கிடையாது.

அன்னைக்கு பேங்க் வாசல்ல வச்சே இவர் ஒரு வாக்குக் குடுத்தார். நான் பக்கத்துலதான் நின்னேன். படிச்சு முடி, வேலைக்குப் போ, சம்பளத்தை என் கையில குடு, நான் கடனை அடைச்சுடறேன்னார். கடன் முடியற அன்னைக்கு நீ எந்த ஊர் வேலைக்கு வேணும்னாலும் போ, குறுக்க நிக்க மாட்டேன்னார். அடேயப்பா, என்ன தாராளம்! அவ சம்பளம், அவ கடன், அடைக்கிறது இவராம். ஆனா சத்யா முகம் அப்படி மலர்ந்து போச்சு. இந்த ஊரை விட்டு, இந்த ரெண்டு ரூமை விட்டுத் தனியாப் போய் வேலை பார்க்கணும்னு அவளுக்குச் சின்ன வயசுலேர்ந்து ஆசை. அதுக்கு ஒரு தேதி கிடைச்ச மாதிரி இருந்துச்சு அவளுக்கு.

சொன்ன மாதிரியே அவ செஞ்சா. சால்ட் லேக்ல ஒரு கம்பெனில வேலை கிடைச்சது. மாசம் பொறந்தா சம்பளத்தை எடுத்துப் பழுப்புக் கவர்ல போட்டு இவர் கையில குடுத்துடுவா. இவர் எச்சில் தொட்டு எண்ணுவார். பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும்னு எதையோ எடுத்துத் திருப்பிக் குடுப்பார், அதுவும் கணக்குக் கேட்டுட்டு. அதே கவர்லேர்ந்து தவணையைப் பிரிச்சு என்கிட்ட தருவார். மறுநாள் காலையில நான்தான் நடந்து போய் பேங்குல வரிசையில நின்னு கட்டுவேன். சலான்ல பேர் எழுதற இடத்துல எஸ். மருதமுத்துன்னு எழுதணும்னு சொல்லிக் குடுத்திருந்தார். எழுதினேன். ரெண்டு வருஷம், ஒரு மாசம் தவறாம. மழைத்தண்ணி முழங்கால் வரைக்கும் நின்ன ஆவணி மாசத்துல கூடப் புடவையைத் தூக்கிச் செருகிட்டுப் போயிருக்கேன். இவர் சம்பளம் மட்டும் அவர் கணக்குல பத்திரமாத் தூங்கும். அதைத் தொட்டா பாவம்.

கட்டத் தொடங்கின மறு வருஷம்தான் வினை ஆரம்பிச்சது. இவர் கூட வேலை பார்க்கற இராஜமாணிக்கம், சட்டம் மாறிடுச்சு, பிள்ளைங்க படிப்புக் கடனுக்கு அப்பன் கட்டற வட்டிக்கும் வரியில கழிவு உண்டுன்னு சொல்லியிருக்கார். அவர் நல்ல எண்ணத்துலதான் சொன்னார். இவருக்கு மூக்கு வேர்த்துடுச்சு. அன்னைக்கு ராத்திரியே பேங்க் சலான் அத்தனையும் கட்டிலுக்கு வந்துடுச்சு. கல்விக் கடன்னு தனித் தலைப்புப் போட்டு ஒட்டச் சொன்னார்.

"இது சத்யா கட்டினதுல்ல?"ன்னு கேட்டேன். கேட்டேன், இல்லைன்னு சொல்லலை.

"யார் பேர் போட்டிருக்கு பாரு"ன்னார்.

பார்த்தேன். என் கையெழுத்துலயே இவர் பேர். ஒட்டினேன். ஆபீஸ்ல ஒருத்தனும் ஒண்ணும் கேக்கலை. ஃபைல் பேரும் சலான் பேரும் ஒண்ணா இருந்தா எவன் கேக்கப் போறான்? மிச்சம் ஆன காசுல வெலிங்டன்ல, குளிர்காலத்துக்கு மலையிலேர்ந்து வர்ற பூட்டியாக்காரங்க கடையில தனக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கிக்கிட்டார், மெரூன் கலர்ல. சத்யா நல்லாருக்குப்பான்னா. அவளுக்குத் தெரியாது. கடன் கட்டற அவளே அந்தக் கழிவைக் கேக்கலாம்னு அவ ஆபீஸ்ல யாரும் சொல்லலை, வீட்டுலயும் யாரும் சொல்லலை. வீட்டுல யாரும்னா அது நான்தான்.

அந்த வருஷம் டிசம்பர்ல கடைசித் தவணையைக் கட்டினேன். புது வருஷம் பொறந்ததும் சத்யா, பூனாவுல ஒரு கம்பெனி கூப்பிடுது, மார்ச்சுல சேரணும், போறேம்பான்னா. இவர் பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்காம, பார்க்கலாம்னார். இந்த மனுஷன் பார்க்கலாம்னு சொல்லி எதையும் பார்த்தது கிடையாது.

ஜனவரி கடைசில ஃபைல் திரும்பி வந்துச்சு. அக்கவுண்ட்ஸ்ல புதுசா யாரோ வந்திருக்காராம், கண்ணு நல்லாத் தெரியற ஆள் போல. பேங்க் குடுத்த வட்டிச் சான்றுல, எம்.சி.ஏ. படிப்புக்காக எஸ். மருதமுத்துக்குக் குடுத்த கடன்னு இருந்திருக்கு. அதுக்குக் கீழ சிவப்பு மையில ஒரே கேள்வி: தாங்கள் எந்த வருடம் எம்.சி.ஏ. படித்தீர்கள்? அம்பத்தெட்டு வயசு ஆளைப் பார்த்து! எனக்குச் சிரிப்புப் பொத்துக்கிட்டு வந்துச்சு. அடுக்களைக்குப் போய் முந்தானையை வாயில வச்சு அடக்கிக்கிட்டேன். கீழ இன்னொரு வரியும் இருந்துச்சு. பிள்ளை படிச்ச கடன்னா, அதைத் தகப்பன்தான் தன் சொந்த வருமானத்துலேர்ந்து கட்டினார், நான் கழிவு கேக்கலைன்னு பிள்ளை கைப்பட எழுதின கடிதம் வேணும். திங்கக்கிழமைக்குள்ள.

அந்தச் சனிக்கிழமை சரஸ்வதி பூஜை. சந்து முனையில பந்தல் போட்டு மைக் அலறுது. மஞ்சப் புடவை கட்டின பொண்ணுங்க கூட்டம் கூட்டமாப் போகுது. சத்யாவும் மஞ்சப் புடவை கட்டிப் பந்தல்ல பூ போட்டுட்டு, கிச்சடிப் பிரசாதம் வாங்கிட்டு வந்தா. வந்தவளை உக்காரச் சொல்லி, இவர் ஒரு தாளை நீட்டினார். இங்கிலீஷ்ல இவரே எழுதி வச்ச நகல். அதைப் பார்த்து அவ கையெழுத்துல எழுதித் தரணுமாம்.

அவ படிச்சா. ரெண்டாவது தடவையும் படிச்சா. என் படிப்புக் கடனையும் வட்டியையும் முழுக்க என் தகப்பனார் தன் சொந்த வருமானத்துல கட்டினார், நான் எந்தத் தொகையும் கட்டலைன்னு இருந்துச்சு அதுல.

"இன்னைக்குப் பேனா தொடக் கூடாதுப்பா"ன்னு மெதுவாச் சொன்னா. இங்க அப்படித்தான். அன்னைக்கு நோட்டையும் பேனாவையும் சரஸ்வதி காலடியில வச்சுடுவாங்க, யாரும் எழுத மாட்டாங்க, படிக்க மாட்டாங்க. இவர், அதெல்லாம் பெங்காலி வழக்கம், நமக்கு ஆயுத பூஜையோட சரின்னார். சாமி கும்பிடறதுல மட்டும் இவருக்குத் திடீர்னு தமிழ் ஞாபகம் வந்துடும். பொண்ணுக்குத் தமிழ் எழுதக் கத்துக் குடுங்கன்னு நான் பத்து வருஷம் கெஞ்சினப்ப எங்க போச்சோ.

அவ தாளைக் கீழ வச்சுட்டா. நாளைக்கு எழுதறேன், ஆனா நடந்தது என்னவோ அதைத்தான் எழுதுவேன், கடனை நான் கட்டினேன்னு எழுதறேன்னா.

இவர் கோவப்படலை. கோவப்பட்டிருந்தா கூட மனுஷன்னு சொல்லலாம். எழுந்து போய் ஃபைலை எடுத்துட்டு வந்து, அவ மடியில வச்சு, பக்கம் பக்கமாத் திருப்பினார். நான் ஒட்டின பக்கங்கள். ஒண்ணு கூடக் கோணலை. இதுல உன் பேர் எங்க இருக்கு காட்டுன்னார். அவ தேடினா. பாவி மக, நிஜமாவே விரலை வச்சுத் தேடினா. பாஸ்புக்குல எஸ். மருதமுத்து, சலான்ல எஸ். மருதமுத்து, சான்றுல எஸ். மருதமுத்து. கவர்ல போட்டுக் குடுத்த சம்பளத்துக்கு ஏது ரசீது?

அப்புறம் வாயைத் திறந்தார். "நீ குடுத்ததெல்லாம் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் போச்சு. கடனை அடைச்சது நான். பேங்குக்குத்தான் கடன் முடிஞ்சுது, எனக்கு முடியலை. இன்னும் மூணு வருஷம் இங்கயே இருந்து என் பணத்தைத் திருப்பிக் குடு. அப்புறம் பூனா போ."

வரியில நாலு காசு மிச்சம் பிடிக்கப் போட்ட பொய்யை, இந்த மனுஷன் இப்ப நம்பவே ஆரம்பிச்சுட்டார். இல்லை, நம்பலை. நம்பற மாதிரி ஒரு ஃபைல் இருக்கு, அது போதும் இவருக்கு. வெக்கம் கெட்ட ஜென்மம்னு மனசுக்குள்ள திட்டினேன். பெத்த பொண்ணு உழைப்பைத் தின்னுட்டு, வாயைத் துடைச்சுக்கிட்டு, பில்லையும் அவ தலையில கட்டறார்னு திட்டினேன். மனசுக்குள்ள திட்டறதுல என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

சத்யா அவரை விட்டுட்டு என் பக்கம் திரும்பினா.

"அம்மா, மாசா மாசம் நீதானே போய்க் கட்டினே. அது யார் பணம்னு அதை மட்டும் சொல்லு."

அவளும் என்னைப் பார்க்கறா, அவரும் என்னைப் பார்க்கறார். வெளியில மைக்ல ஏதோ மந்திரம் சொல்லிக்கிட்டிருக்காங்க. ரிடையர் ஆக இன்னும் பதினாலு மாசம், இப்பப் போய்ப் பொய்க் கணக்குன்னு தெரிஞ்சா விசாரணை வரும், பென்ஷனை நிறுத்துவாங்க, அதை நினைச்சுத்தான் அப்படிச் சொன்னேன்னு பின்னால எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அதெல்லாம் சும்மா. அந்த நிமிஷத்துல எனக்குப் பென்ஷனும் தோணலை, ஒண்ணும் தோணலை. இந்த மனுஷன் முகத்துக்கு எதிரா இருபத்தெட்டு வருஷத்துல நான் ஒரு வார்த்தை சத்தமாச் சொன்னது கிடையாது. வழக்கம், அவ்வளவுதான்.

"அப்பா பணம்தான்"னேன்.

அழுவான்னு நினைச்சேன், அழலை. பேனாவை எடுத்தா. நகல்ல இருந்ததை ஒரு எழுத்து மாத்தாம அப்படியே எழுதினா. கையெழுத்துப் போட்டா. இவர் கையை நீட்டினார். அவ குடுக்கலை. தாளை ரெண்டு கையாலயும் கிழிக்கற மாதிரி பிடிச்சுக்கிட்டு, மூணு வருஷத்துக்குத் தரேன், ஆனா இங்க இருந்து தர மாட்டேன், பூனாவுலேர்ந்து மாசா மாசம் உங்க கணக்குக்கு அனுப்பறேன், சரின்னா இதை எடுத்துக்குங்கன்னா. இவர் யோசிச்சார். யோசிக்க என்ன இருக்கு, பணம் எந்த ஊர்லேர்ந்து வந்தா என்ன? சரின்னார். கடிதத்தை வாங்கி வெளிச்சத்துல பிடிச்சு ஸ்பெல்லிங் பார்த்தார். குட்னு சொல்லி என் கையில குடுத்தார், ஒட்டறதுக்கு.

ஒட்டினேன்.

ராத்திரி அவ பெட்டி அடுக்கிக்கிட்டிருந்தா. மார்ச்சுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு, அன்னைக்கே அடுக்க ஆரம்பிச்சுட்டா. பக்கத்துல போய் உக்காந்து பென்ஷன் கதையைச் சொன்னேன். அவர் வேலைக்கு ஆபத்து வந்தா நம்ம கதி என்ன, நீ புரிஞ்சுக்கணும்னு என்னென்னவோ பூசி மெழுகினேன். அவ ஒரு சுடிதாரை மடிச்சு வச்சா.

"அப்பா பொய் சொல்வார்னு எனக்குத் தெரியும்மா. அதனாலதான் உன்னைக் கேட்டேன்."

அதுக்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஹவுரா ஸ்டேஷன்ல ரயில் ஏறும்போது இவர் கையைப் பிடிச்சு உடம்பைப் பார்த்துக்கோங்கப்பான்னா. என்னைப் பார்த்து, வரேம்மான்னா.

இவர் ரிடையர் ஆகி இப்ப அஞ்சு மாசம் ஆச்சு. ஒரு விசாரணையும் வரலை, பென்ஷன் முதல் தேதி வந்துடுது. பூனாப் பணமும் அஞ்சாம் தேதி தவறாம வந்துடுது. இங்க தமிழ்ச் சங்கத்துல பொங்கல் கொண்டாடினப்ப, பொண்ணைப் படிக்க வச்சு நானே கடனையும் அடைச்சேன், இப்ப அவ நன்றி மறக்காம அனுப்பறான்னு நாலு பேர் முன்னால சொன்னார். பொண்ணுன்னா இப்படி இருக்கணும்னு அந்த நாலு பேரும் தலையாட்டினாங்க. நான் பக்கத்துல நின்னு எல்லாருக்கும் சக்கரைப் பொங்கல் வச்சுக்கிட்டிருந்தேன்.

ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவா. இவர்கிட்ட கால் மணி நேரம் பேசுவா. பி.பி. பார்த்தீங்களா, நடக்கப் போறீங்களா, அங்க மழையான்னு எல்லாம் கேப்பா. சில நாள் சிரிக்கக் கூடச் சிரிப்பா, இந்தப் பக்கம் எனக்குக் கேக்கும். நான் ரிசீவரை வாங்கினா, சாப்ட்டியாம்மாம்பா. சாப்ட்டேன்னு சொல்லுவேன். சரிம்மா, வைக்கறேம்பா.

ஒரே கடனை எம்பொண்ணு ரெண்டாவது தடவை அடைச்சுக்கிட்டிருக்கா. இந்த மனுஷனை இவ்வளவு நேரமாக் கிழி கிழின்னு கிழிச்சேன், இன்னும் பொழுது விடியற வரைக்கும் கிழிப்பேன். அன்னைக்கு அவ என்கிட்ட கேட்டது ஒரே ஒரு பேர்தான். நான் பெத்து, நான் வச்ச பேர். அது என் வாயில வரலை.